பதவியில் இருப்பவருக்கு இப்போதே மதிப்பெண் போடலாமா?

பதவியில் இருக்கும் ஓர் அதிபரின் ஆட்சியைப் பின்னால் வருபவர்கள் எப்படி எடைபோடுவார்கள் என்று கேட்டு, கடலூர், புதுவைப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

"டி.வி. விவாதத்தில் 'இவரை வரலாறு பார்த்துக்கொள்ளும்' என்று முடித்துவிடுகிறார்கள். எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்? பார்ப்பது யார்?"
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனில் தொடங்குவோம். கொரியப் போர் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மக்கள் கொண்டாடிய தளபதி மெக்கார்தரை 1951 ஏப்ரலில் அவர் நீக்கியிருந்தார். 1952 பிப்ரவரியில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 22 சதவீதம்தான். 2021-ல் சி-ஸ்பான் தொலைக்காட்சி 142 வரலாற்று அறிஞர்களிடம் கேட்டு வரிசைப்படுத்தியபோது, அதே ட்ரூமனுக்கு 44 பேரில் 6-ஆம் இடம். கொரியப் போரின் கசப்பு தலைமுறையோடு போய்விட்டது. போரில் சிதைந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய 1948-ஆம் ஆண்டு மார்ஷல் திட்டமும், ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க அதே ஆண்டு ஜூலை 26-ல் அவர் கையெழுத்திட்ட 9981-ஆம் எண் ஆணையும் நின்றுவிட்டன.

இதற்கு நேர் எதிர், மூத்த புஷ். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991 தொடக்கத்தில் 89 சதவீத ஆதரவு. அடுத்த ஆண்டு நவம்பரில் தேர்தலில் கிடைத்த வாக்கு 37 சதவீதம். ஆகவே கருத்துக்கணிப்பு எண்ணை யாராவது ஆதாரமாகக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். காய்ச்சல் மானி அன்றைய சூட்டைச் சொல்லும், ஆயுளைச் சொல்லாது.

எத்தனை வருஷம் என்பதற்கு மூன்று கெடுக்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, பதவி முடிந்து 5 ஆண்டு. அமெரிக்காவில் 1978-ல் வந்த அதிபர் ஆவணச் சட்டப்படி அதிபரின் அலுவல் காகிதங்கள் அரசுக்குச் சொந்தம். 5 ஆண்டு ஆனதும் பொதுமக்கள் அவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, 12 ஆண்டு. அந்தரங்க ஆலோசனை போன்ற சில வகைக் காகிதங்களை அதிபர் அதுவரை மூடி வைக்கலாம். மூன்றாவது, ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டு. வெளியுறவு ரகசியங்கள் பெரும்பாலும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

இந்தக் கெடுக்கள் எதை மாற்றும் என்பதற்கு ஐசனோவரைப் பாருங்கள். 1961-ல் பதவியிலிருந்து இறங்கினார். 1962-ல் ஹார்வர்டு பேராசிரியர் ஷ்லெசிங்கர் 75 அறிஞர்களிடம் கேட்டபோது அவருக்கு 22-ஆம் இடம். கோல்ப் ஆடியே காலம் கழித்தவர், வேலையெல்லாம் அமைச்சர்கள் பார்த்தார்கள் என்பது அன்றைய பேச்சு. பிறகு அவரது நாட்குறிப்பும் பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்புகளும் திறந்தன. கூட்டத்தை நடத்தியதும் முடிவைத் திருப்பியதும் அவர்தான் என்று தெரிந்தது. 2021-ல் அவருக்கு 5-ஆம் இடம். நிக்சனுக்கு நடந்தது தலைகீழ். அவரே பதிவு செய்த சுமார் 3,700 மணி நேர ஒலிநாடாக்கள்தான் இன்றும் அவருக்கு எதிரான முதல் சாட்சி. 1971 வங்கதேசப் போரின்போது இந்தியாவைப் பற்றி அவர் அறைக்குள் பேசியதும் அதில் இருக்கிறது.

நான்காவதாக ஒன்று உண்டு, அதற்குக் கெடுவே கிடையாது. படிப்பவர்களின் மனம் மாறுவது. யுலிசிஸ் கிராண்ட் 2000-ஆம் ஆண்டு சி-ஸ்பான் வரிசையில் 33-ஆம் இடம், 2021-ல் 20. புதிய ஆவணம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அவர் காலத்து ஊழலும் மறையவில்லை. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கூ கிளக்ஸ் கிளானை ஒடுக்க 1871-ல் அவர் கூட்டாட்சிப் படையை இறக்கினாரே, அதற்கு இன்றைய தலைமுறை கூடுதல் எடை கொடுக்கிறது. செவ்விந்தியர்களை ஊர்விட்டு ஊர் துரத்திய 1830-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக ஆண்ட்ரூ ஜாக்சன் அதே காலத்தில் 13-லிருந்து 22-க்கு இறங்கினார்.

பார்ப்பது யார் என்றால், காகிதத்தைத் திறந்து படிப்பவரும், அந்த ஆணையால் அடிபட்டவரின் பிள்ளைகளும். இரண்டு தரப்பும் சேராமல் எந்தத் தீர்ப்பும் நிலைத்ததில்லை.

"சி-ஸ்பான் வரிசையை அப்படியே நம்பலாமா?"
– அரசு ஊழியர், நெல்லித்தோப்பு

உதவியாக வைத்துக்கொள்ளலாம். மக்களை இணங்க வைத்தல், நெருக்கடி நேரத் தலைமை, பொருளாதாரம், அறநிலை, வெளியுறவு, நிர்வாகத் திறன், நாடாளுமன்றத்தோடு உறவு, தொலைநோக்கு, எல்லாருக்கும் சம நீதி, தன் காலச் சூழலில் செயல்பட்ட விதம் என்று 10 தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். குறை எங்கே என்றால், பத்துக்கும் ஒரே எடை. நிர்வாகத் திறனும் சம நீதியும் ஒரே தட்டில் நிற்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. திறமையாக நடந்த அநீதிக்கும் அதில் ஒரு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். இன்னொன்று, 2009 முதல் வந்த கணிப்புகளில் பதவியில் இருப்பவரைச் சேர்க்கவில்லை. அது சரியான வழக்கம். அண்மையில் இறங்கியவர்களின் இடம் அடுத்தடுத்த கணிப்பில் நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். இளைய புஷ் 2009-ல் 36, 2021-ல் 29.

"கிள்ளைப் பக்கம் வனாமி இறால் பண்ணை வைத்திருக்கிறோம். 2025-ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டார். எங்கள் நஷ்டம் அவர் கணக்கில் ஏறுமா?"
– பண்ணையாளர், கடலூர் மாவட்டம்

நீங்கள் எழுதி வைத்தால் ஏறும். இந்திய இறாலின் பெரிய சந்தை அமெரிக்கா. அதிபர் ஆணையால் மட்டும் வந்த வரி இது. நாடாளுமன்றம் போட்டது அல்ல. 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இன்னொரு 25-உம் சேர்ந்து 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 ஆனது. முடிவுக்குச் சொந்தக்காரர் யார் என்ற சந்தேகமே இல்லாத இப்படிப்பட்ட இனங்கள் மதிப்பீட்டுக்கு மிகவும் ஏற்றவை.

ஒரு நோட்டு போடுங்கள். இடப் பக்கம் ஆணையின் தேதி, எந்தச் சட்டத்தைச் சொல்லி வந்தது (1977-ஆம் ஆண்டு நெருக்கடிக்காலப் பொருளாதார அதிகாரச் சட்டம்), சொன்ன காரணம், பிறகு குறைத்தார்களா, ரத்தானதா, அதன் தேதி. வலப் பக்கம் உங்கள் குட்டை: குஞ்சு விட்ட தேதி, பிடித்த தேதி, கவுண்ட், கிலோ விலை, தீவன விலை. கவுண்ட் எழுதாத விலையால் பயனில்லை. கிலோவுக்கு 30 நிற்கும் இறாலையும் 100 நிற்கும் இறாலையும் ஒரே விலைப் பத்தியில் எழுதினால் பத்து வருஷம் கழித்துப் படிப்பவர் தவறான முடிவுக்கு வருவார்.

பலர் தவறுவது இங்கேதான். வரியை முதலில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அவர் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைப்பார், ஏற்றுமதியாளர் குட்டைக் கரையில் குறைப்பார். எவ்வளவு யார் தலையில் விழுந்தது என்பது அந்தந்த வாரப் பேரத்தைப் பொறுத்தது. அதோடு, பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கப் போடுவது) 2005 முதலே இறால் மேல் இருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் வந்து அவசரமாகப் பிடித்திருந்தாலும் விலை விழும். வரி அமலாகும் தேதிக்கு முன்பே அவசர அவசரமாகக் கொள்முதல் நடந்து, பிறகு படுத்தும் இருக்கும். இவற்றைத் தனித்தனியாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அந்த ஆணையின் பங்கு. வரியால் பலன் அடைந்ததாகச் சொல்லும் அமெரிக்க இறால் படகுக்காரர்களின் கணக்கும் ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும். உங்கள் நோட்டு இல்லாவிட்டால் அவர்கள் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

"என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் புதுவையிலிருந்தே பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறோம். 2027-ல் மக்ரோன் காலம் முடிகிறது. பிரான்சில் ஒரு அதிபரை எதை வைத்து மதிப்பிடுவார்கள்?"
– வாசகர், முத்தியால்பேட்டை

மித்தெரானை வைத்துச் சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். 1981 முதல் 1995 வரை 14 ஆண்டு இருந்தார். அப்போது ஒரு பதவிக்காலம் 7 ஆண்டு, 2002 முதல்தான் 5.

வரவுப் பக்கம், 1981 அக்டோபர் 9-ல் சட்டமான மரண தண்டனை ஒழிப்பு. அன்று பிரெஞ்சு மக்களில் பெரும்பான்மையினர் தண்டனை இருக்க வேண்டும் என்றே சொன்னார்கள். ஒழிப்பேன் என்று தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஜெயித்தார். இதில் அதிபரின் பங்கு எவ்வளவு, நீதி அமைச்சர் ரொபேர் பதேந்தேரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாதாடிச் சட்டமாக்கியவர் பதேந்தேர். 2025 அக்டோபர் 9-ல், நாட்டின் பெருமக்களுக்கான பாரிஸ் நினைவாலயமான பாந்தெயோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவரை அமைச்சராக்கியதும் தேர்தலைப் பணயம் வைத்ததும் மித்தெரான்.

பற்றுப் பக்கம் உடல்நிலை அறிக்கைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். 1981 நவம்பரிலேயே புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். 1992 அறுவைச் சிகிச்சை வரை நாட்டுக்குச் சொல்லவில்லை. அரசு முத்திரையோடு வந்த அறிக்கை என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

இன்னும் கனமானது 1994 ருவாண்டா இனப்படுகொலை. மித்தெரானின் காகிதங்கள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2020 ஜூனில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஓர் ஆய்வாளருக்குத் திறந்துவிடச் சொன்னது. 2021 மார்ச்சில், மக்ரோன் அமைத்த வரலாற்றாசிரியர் குழு அறிக்கை கொடுத்தது: பிரான்சுக்குக் கனத்த பொறுப்பு உண்டு, ஆனால் படுகொலைக்கு உடந்தை என்று சொல்ல ஆதாரம் இல்லை. நடந்து 27 ஆண்டு கழித்து வந்த வாசகம் இது. பிரெஞ்சு ஆவணங்களுக்குப் பொதுவான கெடு 25 ஆண்டு. பாதுகாப்பு, வெளியுறவு ரகசியத்துக்கு 50. முன்கூட்டியே பார்க்க விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. மக்ரோனுடைய 2017-ஆம் ஆண்டுக் காகிதங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 2042 வருகிறது.

நம் ஊர்க் கதையிலும் இந்தப் பங்கு பிரிக்கும் வேலை உண்டு. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். அன்று பிரெஞ்சு அதிபர் ரெனே கொத்தி. ஆனால் நான்காம் குடியரசில் அதிபருக்கு நடைமுறை அதிகாரம் குறைவு. பேச்சை முடித்தது பிரதமர் மெந்தேஸ் பிரான்சின் அரசு. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்ததால் பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதலைத் தள்ளிக்கொண்டே போய், தெ கோல் அதிபராக இருந்த 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி மாற்றம் முடிந்தது. அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று பார்க்காமல் யாருக்கும் பெருமை எழுதக் கூடாது, பழியும் எழுதக் கூடாது.

"நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்வதில் கையெழுத்துப் போடுபவர். அவரை எடைபோட என்ன இருக்கிறது?"
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

ஐயா, கையெழுத்துக்கு முன் இருந்த நேரம் இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

1975 ஜூன் 25 இரவு பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில். கேள்வி கேட்கக் கிடைத்த ஒரே இரவை அவர் பயன்படுத்தவில்லை. இன்றுவரை அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒரு கையெழுத்துதான். அதனால்தான் 1978-ல் 44-ஆவது திருத்தம், அமைச்சரவை முடிவு எழுத்தில் வந்தால்தான் பிரகடனம் என்று கட்டாயமாக்கியது. அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையையும் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது.

அந்த உரிமையை கே.ஆர். நாராயணன் இருமுறை பயன்படுத்தினார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்க குஜ்ரால் அமைச்சரவை கேட்டபோதும், 1998 செப்டம்பரில் பீகார் அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை கேட்டபோதும் கோப்பைத் திருப்பினார். இரண்டும் வெவ்வேறு கட்சிகளின் அரசு, அளவுகோல் ஒன்று. எங்களைக் கேட்டால், இதுதான் ஒரு குடியரசுத் தலைவருக்கு வைக்க வேண்டிய முதல் சோதனை. ஜெயில் சிங் இன்னொரு வழி கண்டார். தனியார் கடிதங்களைப் பிரிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 1986 அஞ்சல் மசோதாவில் ஒப்புதலும் தராமல் திருப்பவும் செய்யாமல் வைத்துவிட்டார். மசோதாவுக்கு ஒப்புதல் தருவது பற்றிய அரசமைப்பின் 111-ஆவது பிரிவில் காலக்கெடு இல்லை. அது சட்டமாகவே இல்லை.

தமிழர் மறக்காத ஒன்று 1991 ஜனவரி 30. தி.மு.க. அரசைக் கலைக்க ஆளுநர் பர்னாலா அறிக்கை தரவில்லை. மாநில அரசைக் கலைக்க இடம் தரும் 356-ஆவது பிரிவிலுள்ள 'அல்லது வேறு வகையில்' என்ற சொற்களை வைத்துக் கலைப்பு நடந்தது. கையெழுத்திட்டவர் தஞ்சை மாவட்டத்து ஆர். வெங்கட்ராமன். 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு, இத்தகைய கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று சொன்ன பிறகு, அந்தக் கையெழுத்தைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. நான்கு பிரதமர்களைக் கண்டு, தொங்கு நாடாளுமன்றக் காலத்தைக் குழப்பமில்லாமல் நடத்தியதும் அவரேதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

அப்துல் கலாம் மேல் நமக்கிருக்கும் பாசம் கணக்கை மறைக்கக் கூடாது. எம்.பி.க்கள் சில ஆதாயப் பதவிகளையும் வகிக்க விலக்குத் தரும் மசோதாவை 2006-ல் திருப்பி அனுப்பியது வரவு. 2005 மே மாதம் மாஸ்கோவிலிருந்தபடி பீகார் சட்டமன்றக் கலைப்புக்கு ஒப்புதல் தந்தது பற்று. அது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இப்போது பதவியில் இருக்கும் திரௌபதி முர்மு 2022 ஜூலை 25-ல் பொறுப்பேற்றார். அவருக்கும் பார்க்க வேண்டியவை இவையே: திருப்பிய கோப்பு, கேட்ட விளக்கம், கருணை மனுவில் எடுத்த காலம்.

"இலங்கையில் கோத்தபயவைப் பற்றி இத்தனை சீக்கிரம் தீர்ப்பு வந்துவிட்டதே?"
– வாசகர், தேவனாம்பட்டினம்

விளைவு பதவிக்காலத்துக்குள்ளேயே வந்துவிட்டதால். கடலூர்ப் பக்கம் சவுக்கு நட்டால் வெட்ட நாலைந்து வருஷம் ஆகும். பெரும்பாலான பொருளாதார முடிவுகளும் அப்படித்தான், நட்டவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர். கார்ட்டர் 1979-ல் வோல்க்கரை மத்திய வங்கிக்குத் தலைவராக்கினார். வட்டியை ஏற்றி விலைவாசியை இறக்கிய பெருமை அடுத்து வந்த ரீகனுக்குப் போனது. கோத்தபய விஷயத்தில் இடைவெளியே இல்லை. 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கினார். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்றது. ஜூலையில் அவர் பதவி விலகினார். நெருக்கடிக்கு அவரும் அவர் சகோதரர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தமிழர்கள் கேட்கும் போர்க்காலக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. ஒரு பக்கத்தில் தீர்ப்பு வந்ததால் புத்தகம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

"சிலை வைத்துவிட்டால் வரலாறு ஏற்றுக்கொண்டது என்றுதானே பொருள்?"
– வாசகி, பண்ருட்டி

இல்லை. புதுவைக் கடற்கரையில் நிற்கும் தூய்ப்ளே, இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்து 1754-ல் பதவி பறிக்கப்பட்டுத் திரும்பியவர். 1763-ல் பாரிஸில் வறுமையில் செத்தார். சிலை 1870-ல் வந்தது. அவரைப் பற்றி அறிய அந்தச் சிலை உதவாது, 1870-ன் பிரான்ஸ் எதை விரும்பியது என்று அறிய உதவும். தூய்ப்ளேயை அறிய வேண்டுமானால் அவரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பைப் படியுங்கள். நாள், கிழமை, வந்த கப்பல், கைமாறிய பணம் என்று அன்றன்றே எழுதியது.

"பதவியில் இருக்கும் அதிபர் ஒருவரைப் பற்றி 10 பக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி அமைப்பது?"
– முதுகலை மாணவர், கடலூர்

மனிதரை எடுக்காதீர்கள், ஒரு முடிவை எடுங்கள். 10 பக்கத்துக்கு ஒன்று போதும், மூன்று எடுத்தால் மூன்றும் மேலோட்டமாகும். முதல் இரண்டு பக்கத்தில் மூல வாசகம்: அமெரிக்க ஆணை என்றால் எண்ணோடு அந்நாட்டு அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் இருக்கும், நம் நாட்டுடையது அரசிதழில். செய்தித்தாள் சுருக்கத்தை நம்பி எழுதியவர்கள் விதிவிலக்குகளைத் தவறவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். அடுத்த மூன்று பக்கம், அன்று அவர் முன் இருந்த மாற்று வழிகள். இன்று தெரிந்ததை அன்று தெரிந்ததாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. பிறகு விளைவு, அதே கட்டத்தில் முன்னவர் செய்ததோடு ஒப்பீடு. எதிர்த்தவர்களின் வலுவான வாதத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

பழைய குடியரசுத் தலைவர் யாரையாவது ஒப்பிட எடுத்தால், 25 ஆண்டு கடந்த நம் அரசின் பொது ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் விதி உண்டு. அதன் ஆவண மையம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. என்னென்ன தொகுப்பு அங்கே உள்ளது, எதற்கு டெல்லி போக வேண்டும் என்று முதலில் அங்கே விசாரியுங்கள்.

கடைசிப் பக்கத்தில், எந்தத் தேதி வரை கிடைத்ததை வைத்து எழுதினீர்கள் என்று குறியுங்கள். எந்தக் காகிதம் இன்னும் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்பதையும் எழுதுங்கள். டிரம்ப்பின் இந்தப் பதவிக்காலம் 2029 ஜனவரி 20-ல் முடிகிறது. அதன் காகிதங்களைக் கேட்டு 2034 ஜனவரி 20 முதல் விண்ணப்பிக்கலாம், 12 ஆண்டு மூடி வைப்பவை 2041 ஜனவரியில் வரும். அந்த இரண்டு தேதிகளுக்கு நேரே, அன்று எந்தக் கேள்விக்கு விடை தேடுவீர்கள் என்று ஒவ்வொரு வரி எழுதி வையுங்கள்.